லாபம், இரண்டு, மூன்று

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
புதுவயல் மகளிர் குழுக் கட்டடத்தில்
ஒரு கட்டிலைச் சுற்றிக் கூடுவோம்.
தலைப்பக்கம் உயர்த்தும் கைப்பிடி உடைந்த கட்டில்.
இரண்டு டியூப்லைட்டில்
ஒன்று எரியும், ஒன்று யோசிக்கும்.

வாத்தியார் யாரும் கிடையாது.
கோகிலவாணி வருவாள்,
மின்கம்பத்திலிருந்து விழுந்த தம்பிக்கு
ஒன்பது வருஷமாக முதுகு துடைப்பவள்.
மரியபுஷ்பத்துக்கு முதியோர் இல்லத்தில் ராத்திரி ஷிஃப்ட்,
கண்ணைக் கசக்கிக்கொண்டே நேராக வந்துவிடுவாள்.
நான் சம்பளத்துக்குப் பார்க்கிறவன்.
ஆறுமாதப் படிப்பு. சான்றிதழ் உண்டு.
லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

விதி ஒன்றே ஒன்றுதான்:
சொல்லித்தர நினைக்கிறவர்
முதலில் படுக்க வேண்டும்.

சேவுகன் அன்றைக்குப் புதிது.
அரிசி ஆலையில் இருபது வருஷம் மூட்டை சுமந்தவர்.
மனைவி குஞ்சரத்துக்கு
பங்குனியில் வலப்பக்கம் விழுந்துவிட்டது.
"எப்படித் தூக்குறீங்க?"
"மூட்டை மாதிரிதான்."
மரியபுஷ்பம் சிரித்துவிட்டாள்,
உடனே மன்னிப்பும் கேட்டாள்.

நான் படுத்தேன்.
வலக்கை செத்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.
அவர் என் கக்கத்தில் கைகொடுத்து
ஒரே இழுப்பு.
செத்த கை கத்திவிட்டது.

சேவுகன் கையை எடுத்தார்.
"அவ கத்தலையே," என்றார்.
"கத்த வராதுல்ல," என்றார், அவருக்கே.
வெளியே போய்
குழாயடியில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு வந்தார்.

பிறகு கோகிலவாணி காட்டினாள்.
தூக்காதே, உருட்டு.
முட்டியை மடக்கு, தோளிலும் இடுப்பிலும் உள்ளங்கை,
விரல் அல்ல, உள்ளங்கை.
அவர் காட்டினார்.
காலை அகட்டு, ஒன்று முன்னால்.
பாரம் தொடைக்குப் போகட்டும்.
"இடுப்பு அன்னன்னைக்குக் கூலி கேக்காது.
பின்னால வட்டியோட கேக்கும்."
ஒன்பது வருஷ வட்டி கட்டுகிறவள்
சேலையைச் செருகிக்கொண்டு
மூன்று தரம் செய்து பார்த்தாள்.

நான் இன்னும் கட்டிலில்தான்.
"லாபம்," என்றார் சேவுகன். "ரெண்டு. மூணு."
ஆலையில் ஒன்று என்று எண்ண மாட்டார்களாம்.
"எண்றது நமக்கில்லண்ணே," என்றாள் கோகிலவாணி,
"படுத்திருக்கவங்களுக்கு."

அது உண்மை.
லாபத்துக்கும் மூன்றுக்கும் நடுவில்
மூச்சைப் பிடித்துக்கொள்ள
எனக்கு இடம் இருந்தது.
படிப்பிலும் இதைச் சொல்லியிருப்பார்கள்.
அப்போது நான் நின்றுகொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை கண்டனூர்.
சாத்தப்பச் செட்டியாருக்கு ஆறு மணித் திருப்பல்.
நெல் மண்டி வைத்திருந்தவர்.
பேசி இரண்டு வருஷம்.
மேலே கேமராவில் சிவப்புப் பொட்டு.
நானும் இதுவரை பேசியதில்லை,
தட்டில் இட்டிலியைத் திருப்புவதுபோல
சுத்தமாக, சத்தமில்லாமல் திருப்பியிருக்கிறேன்.

முட்டியை மடக்கினேன். உள்ளங்கை வைத்தேன்.
"ஐயா, சுவர்ப்பக்கம் திரும்பப் போறோம்.
லாபம்."

இமை அசைந்தது.

"ரெண்டு."

இடக்கை போர்வைக்குள்ளிருந்து கிளம்பி
கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது.
மூன்று என்று சொல்ல
எனக்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.
அவர் காத்திருந்தார்.

எட்டு மணிக்கு மகள் போன் செய்தாள்,
அங்கே அவளுக்கு நடுராத்திரிக்கு மேல்.
"காலையில அப்பாகிட்ட
என்னமோ சொன்னீங்களே, என்னது அது?"

ஒன்று என்று சொன்னேன் அம்மா.